வீட்டு ஹாலில் ஒரு கடல்: மீன்தொட்டி மோகத்தைக் கிளப்பிவிட்ட ஃபிலிப் ஹென்றி கோஸ்

ஒரு பாக்கெட் உப்பு வாங்கி சுத்திகரித்த தண்ணீரில் கரைத்தால் கடல்நீர் ரெடி. ஒரு பம்ப், ஒரு எல்இடி விளக்கு, நாலைந்து பாறைத் துண்டுகள். அப்புறம் காளான் மாதிரியும் கைவிரல் மாதிரியும் அசைந்தாடும் மென்பவளங்கள். ரீஃப் டேங்க் வைத்திருப்பவர்கள் அந்தப் பவளத்தை பிளேடால் நறுக்கி, துண்டைச் சின்னக் கல்லில் பிடிக்கவைத்து, நண்பருக்கும் ஒன்று கொடுப்பார்கள்.

மின்சாரமே வீட்டுக்கு வராத 1850-களில் இதையெல்லாம் முயன்று பார்த்தவர்களில் ஒருவர் ஃபிலிப் ஹென்றி கோஸ். ‘அக்வாரியம்’ என்ற சொல்லை இன்று நாம் சொல்கிற பொருளில் ஊருக்கெல்லாம் பரப்பியவர். இங்கிலாந்தின் வீட்டு வரவேற்பறைகளுக்குள் கடலைக் கொண்டுவந்ததும், அதனாலேயே கடற்கரைகள் காலியானதும் இவர் கதைதான்.

ஊர் ஊராக அலைந்த கிளார்க்

1810-ல் இங்கிலாந்தின் வொர்செஸ்டரில் பிறந்தார். அப்பா ஊர் ஊராகப் போய் சிறிய உருவப்படங்கள் வரைந்து பிழைத்தவர். வீட்டில் காசு கிடையாது. மகன் வளர்ந்தது பூல் என்ற துறைமுக ஊரில். பதினேழு வயதில், 1827-ல், கணக்கு எழுதும் வேலைக்குக் கப்பலேறி நியூஃபவுண்ட்லாந்து போனார். அங்கே நுண்ணோக்கி பற்றிய ஒரு பழைய புத்தகம் கைக்கு வந்தது. அன்றிலிருந்து பூச்சிப் பித்து.

அடுத்து கனடாவில் விவசாயம் செய்து பார்த்தார், தேறவில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் பள்ளிக்கூட வாத்தியார் வேலை, அதுவும் நிலைக்கவில்லை. 1839-ல் கிட்டத்தட்ட வெறுங்கையோடு ஊர் திரும்பினார். கையில் இருந்ததெல்லாம் குறிப்பேடுகளும் படங்களும்தான். அதிலிருந்து 1840-ல் வந்த கனடா இயற்கை பற்றிய புத்தகம் அவரை எழுத்தாளராக்கியது. பிறகு ஜமைக்காவில் பறவைகளோடு ஒன்றரை வருடம். 1848-ல் எமிலி பௌஸுடன் கல்யாணம், அடுத்த வருடம் மகன் எட்மண்ட். கணவன் மனைவி இருவருமே பிளைமவுத் பிரதரன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். பைபிளின் ஒவ்வொரு சொல்லும் அப்படியே உண்மை என்று நம்பியவர்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் அவரைச் சாய்த்தது.

உடம்பு சரியில்லாமல் கிடைத்த கடல்

ஓயாத வேலையில் உடம்பு கெட்டுப்போய், 1852-ல் குடும்பத்தோடு டெவன் கடற்கரைக்கு வந்தார் கோஸ். ஓய்வெடுக்க வந்த மனிதர், அலை இறங்கும் நேரத்தில் சுத்தியலும் உளியுமாகப் பாறைகளுக்கு நடுவே கிடந்தார். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் சாமந்திகள், கிண்ணப் பவளங்கள். இல்ஃப்ரகோம்ப் பகுதியில் செம்மஞ்சள் நிறக் கிண்ணப் பவளம் ஒன்றைப் பார்த்து, அதைப் புதிய இனமாக விவரித்தார்.

பார்த்தால் மட்டும் போதாது, வீட்டில் வைத்து வளர்க்க வேண்டும். ஆனா எப்படி? ஜாடியில் கடல்நீர் ஊற்றி உயிர்களைப் போட்டால் சில நாளிலேயே நாற்றமெடுத்துவிடும். இதற்கு விடை தேடியவர் அவர் மட்டுமல்ல. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1850-லேயே நன்னீர்த் தொட்டியில் செடி, மீன், நத்தை மூன்றையும் சேர்த்து வைத்து, தண்ணீரை மாற்றாமலேயே ஓட்டிக் காட்டியிருந்தார். அதற்கும் முன்னால், 1846-ல் அன்னா தின் என்ற பெண்மணி டெவனிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுபோனார். தண்ணீரில் காற்று கலக்க, வேலைக்காரப் பெண் அதை ஜன்னலோரம் நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். டீ ஆற்றுகிற மாதிரிதான். இன்றைய ஏர் பம்பின் வேலையை அன்று ஒரு பெண்ணின் கை செய்தது.

கோஸ் கையாண்ட வழி பாசி. கடற்பாசிக்கு வேர் கிடையாது, பிடுங்கி நட்டால் பிழைக்காது. அதனால் அது ஒட்டியிருக்கும் பாறையையே உளியால் பெயர்த்தெடுத்துத் தொட்டியில் வைத்தார். இன்று ரீஃப் டேங்க்காரர்கள் ‘லைவ் ராக்’ என்று எடை போட்டு வாங்குகிறார்களே, ஏறக்குறைய அதே யோசனை. வெளிச்சத்தில் பாசி ஆக்சிஜன் விடும், உயிர்கள் அதைச் சுவாசிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. வெப்பமண்டலப் பவளங்கள் பலவற்றின் திசுவுக்குள்ளேயே நுண்பாசி குடியிருந்து, வெளிச்சத்திலிருந்து அவற்றுக்குச் சோறு போடுகிறது. அந்த நுண்பாசிக்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்ததே 1881-ல்தான். தாவரமும் விலங்கும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று கோஸ் தொட்டியில் செய்த ஏற்பாட்டை, பவளம் தன் உடம்புக்குள்ளேயே செய்து வைத்திருந்தது.

நாலு உப்பு

1853 மே மாதம் லண்டன் மிருகக்காட்சி சாலையில் பொதுமக்களுக்கான மீன்கூடம் திறந்தது. அதற்கு டெவனிலிருந்தும் வேமவுத்திலிருந்தும் உயிர்களைச் சேகரித்துக் கொடுத்தவர் கோஸ். கூட்டம் அள்ளியது.

1854-ல் ‘தி அக்வாரியம்’ புத்தகம் வந்தது. அவரே வரைந்த வண்ணப் படங்கள், தொட்டி வைப்பது எப்படி என்ற விளக்கம். அதே வருடம் இன்னொரு சிக்கலையும் கையிலெடுத்தார். கடலோரத்தில் இருப்பவருக்குக் கடல்நீர் கிடைக்கும், லண்டன்காரர் எங்கே போவார்? கடல்நீரின் வேதியியல் ஆய்வு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். சமையல் உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. இந்த நாலையும் அளவாகக் கலந்து, முதலில் பாசியை விட்டு, சில நாள் பொறுத்து உயிர்களை விட்டார். பிழைத்தன. இன்றைய சால்ட் மிக்ஸ் பாக்கெட்டின் தாத்தா இந்தக் கலவை.

ஒரு குறை உண்டு. அளவில் ரொம்பக் குறைவு, சரியாகக் கரையவும் செய்யாது என்று கால்சியத்தை விட்டுவிட்டார். எலும்புக்கூடு கட்டும் பவளத்துக்குக் கால்சியம் இல்லாமல் முடியாது. மென்பவளத்தின் சதைக்குள்ளும் கால்சியத் துணுக்குகள் உண்டு. இன்று ரீஃப் டேங்க் வைப்பவர்கள் கால்சியம் அளவை அடிக்கடி சோதிக்கக் காரணம் இதுதான்.

கண்ணாடி மீதான வரி 1845-ல் நீங்கியிருந்தது, கடற்கரைக்கு ரயிலும் வந்துவிட்டது. பிறகென்ன, வசதியுள்ள வீடுகளில் எல்லாம் தொட்டி. 1855 கோடையில் இல்ஃப்ரகோம்ப் கடற்கரையில் கோஸ் நேரடி வகுப்பே எடுத்தார்.

1857

1856-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பெரிய படிப்பு இல்லாத முன்னாள் கிளார்க்குக்கு அது சின்ன விஷயமில்லை. அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. எமிலிக்கு மார்பகப் புற்றுநோய். வேதனை மிகுந்த சிகிச்சைக்குப் பிறகு 1857 பிப்ரவரியில் இறந்துபோனார். எட்மண்டுக்கு அப்போது ஏழு வயது.

அதே வருடம் கோஸ் ‘ஓம்ஃபலோஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். பூமிக்கு வயது பல லட்சம் ஆண்டுகள் என்று பாறைகள் சொல்கின்றன, ஆறு நாளில் படைக்கப்பட்டது என்கிறது பைபிள். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? கடவுள் படைக்கும்போதே மரத்துக்குள் வளையங்களையும் பாறைக்குள் புதைபடிவங்களையும் சேர்த்தே படைத்தார் என்பது அவர் வாதம். விஞ்ஞானிகள் சிரித்தார்கள். அது கூடப் பரவாயில்லை. அப்படியானால் கடவுள் நம்மை ஏமாற்றுகிறாரா என்று பக்தர்களும் முகம் சுளித்தார்கள். இரண்டு பக்கத்தையும் சமாதானம் செய்யப் போனவருக்கு எந்தப் பக்கத்திலும் ஆள் இல்லை. டார்வினின் புத்தகம் வர இரண்டே வருடம் இருந்தது.

மகனைக் கூட்டிக்கொண்டு டார்கீ அருகே செயின்ட் மேரிசர்ச்சுக்குக் குடிபோனார். திரும்பவும் கடல், திரும்பவும் பாறைக் குழிகள். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே கடற்கரைக்குப் போவார்கள். பையன் அப்பாவைப் பார்த்து, இல்லாத உயிரினங்களைக் கற்பனை செய்து படம் போட்டுக் குறிப்பு எழுதுவானாம். அந்த நாட்களில் உருவானதுதான் பிரிட்டனின் கடல் சாமந்திகள், பவளங்கள் பற்றிய அவருடைய பெரிய நூல். 1858 முதல் 1860 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது.

இந்த நூலில் ரீஃப் டேங்க்காரர்களுக்குப் பரிச்சயமான ஒரு காட்சி உண்டு. இறகு போல விரியும் ஒரு வகை கடல் சாமந்தி, தன் அடிப்பாகத்தின் ஓரத்தில் சின்னத் துணுக்குகளைப் பிய்த்து விட்டுவிடும். ஒவ்வொரு துணுக்கும் சில நாளில் குட்டிச் சாமந்தியாகும். கோஸ் இதைக் கவனித்து எழுதினார். காளான் பவளம் நகர்ந்த பிறகு கண்ணாடியில் மிச்சமிருக்கும் சதைத் துண்டு புதுக் காளானாவதும் இதே கதை. பிளேடு எடுத்து நறுக்குகிறவர் நம்பியிருப்பது இந்தக் குணத்தைத்தான். அன்னா தின் தன் பவளங்கள் பெருகியதைப் பற்றி 1859-ல் கட்டுரை வெளியிட்டபோது, அதற்குக் குறிப்புகள் எழுதியதும் கோஸ்தான்.

ஆனால் அன்று ஒன்றைப் பலவாக்கி அக்கம்பக்கத்தில் பகிர்கிற பழக்கம் பரவவில்லை. தொட்டியில் செத்தால் கடலுக்குப் போய் இன்னொன்று எடுத்துவந்தார்கள், அவ்வளவுதான். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுத்தியலும் கூடையுமாக ஆட்கள் கும்பல் கும்பலாக இறங்கினார்கள். மனிதக் கைபடாமல் கிடந்த குழிகள் சில வருடங்களில் வழித்தெடுக்கப்பட்டன. அதை அவரே கண்ணால் பார்த்தார். தன் எழுத்துதான் இவர்களைக் கூட்டிவந்தது என்பது அவருக்குத் தெரியும், மனசுக்குள் அது அறுத்தது. மகன் எட்மண்ட் பிற்காலத்தில் பெரிய இலக்கிய விமர்சகரானார். 1907-ல் அப்பாவைப் பற்றி எழுதிய ‘ஃபாதர் அண்ட் சன்’ புத்தகத்தில், தான் சிறுவயதில் பார்த்த அந்தக் குழிகளின் அழகையும் அவை பாழானதையும் பதிவு செய்திருக்கிறார்.

தொட்டி மோகம் 1860-களில் வடிந்தது. கோஸ் 1860-ல் எலைசா பிரைட்வெனை மணந்தார். பிறகு ஆர்க்கிட் செடிகள், நட்சத்திரங்கள், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ரோட்டிஃபர்கள் என்று கவனம் திரும்பியது. குளிர்கால இரவு ஒன்றில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தொலைநோக்கியைச் சரிசெய்தபோது பிடித்த குளிரில்தான் கடைசியாகப் படுத்தார் என்று மனைவி பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1888 ஆகஸ்ட் 23-ல் காலமானார். டெவனில் அவர் கண்ட அந்தச் செம்மஞ்சள் கிண்ணப் பவளத்துக்கு அறிவியல் பெயர் பலனோஃபில்லியா ரீஜியா. பட்டியல்களில் அதன் பக்கத்தில் இன்றும் கோஸ், 1853 என்றே இருக்கிறது.