பெயர் எழுதச் சொன்ன ஆசிரியை



படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா என்று நம்மில் பலர் பிள்ளைகளைக் கேட்பதுண்டு. சோற்றுக்கே வழியில்லாத இடத்தில், பசியோடு இருந்த பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்த ஓர் அம்மையாரின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் ஃபிரீடல் டிக்கர். 1898ஆம் ஆண்டு, ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே தாயை இழந்தார். தந்தை எழுதுபொருள் கடையில் வேலை பார்த்தவர். மகளோ ஓவியத்தையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். ஜெர்மனியின் வைமார் நகரில் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தார். வியன்னா திரும்பி வீட்டுத் தளவாடங்கள் வடிவமைத்தார். பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கு ஓவியப் பாடமும் நடத்தினார்.

1934இல் அரசியல் காரணமாகச் சிறை சென்றார். வெளியே வந்ததும் பிராக் நகருக்குப் போய், 1936இல் பாவெல் பிராண்டைஸ் என்பவரை மணந்தார். ஹிட்லரின் கை நீண்டுகொண்டே வந்தது. பாலஸ்தீனத்துக்குத் தப்பிப் போக அவருக்கு வாய்ப்பு இருந்தது, ஆனாலும் போகவில்லை.

1942 டிசம்பரில் நாஜிகள் கணவன் மனைவி இருவரையும் தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான்தான் கொண்டுபோகலாம். நாமாக இருந்தால் எதை எடுத்திருப்போம்? அந்த அம்மையார் தாளும் வர்ணமும் எடுத்துக்கொண்டார்.

தெரேசின் ஒரு பழைய கோட்டை நகரம். ஏறக்குறைய 140,000 யூதர்களை அங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தவர்கள் சுமார் 33,000 பேர். இன்னும் பலரை ரயிலில் ஏற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடம் நடத்தத் தடை இருந்தது. ஓவியத்தை மட்டும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்தச் சின்ன வழியில்தான் ஃபிரீடல் நுழைந்தார்.

கொண்டுவந்த தாள் தீர்ந்தால் பழைய அலுவலகத் தாளின் பின்பக்கம் இருக்கவே இருக்கிறது. பிள்ளைகள் பூவும் வண்ணத்துப்பூச்சியும் வரைந்தார்கள். விட்டுவந்த வீட்டையும், முகாமின் அடுக்குக் கட்டிலையும் வரைந்தார்கள். இதை வரை, அதை வரை என்று அவர் அதட்டவில்லை. ஆனால், தாளில் சொந்தப் பெயரை எழுதச் சொன்னார். கவனியுங்கள், முகாமில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஆளை ரயிலில் ஏற்ற அந்த எண் போதும். அவர் வகுப்பிலோ எண்ணுக்கு இடமில்லை. அங்கே பிள்ளைக்குப் பெயர் இருந்தது.

1944 செப்டம்பரில் கணவரைக் கொண்டுபோனார்கள். தானும் பின்னால் போகிறேன் என்று ஃபிரீடல் பெயர் கொடுத்தார். புறப்படும்முன் ஏறக்குறைய 4,500 ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் அடுக்கிவைத்தார். அக்டோபர் 6ஆம் நாள் ரயில் கிளம்பியது. 9ஆம் நாள் ஆஷ்விட்ஸ் முகாமில் அவரைக் கொன்றார்கள். வயது 46. அவர் தேடிப்போன கணவரோ உயிர் பிழைத்தார். விதியின் கொடுமையைப் பாருங்கள்!

1945இல் போர் முடிந்ததும் அந்தப் பெட்டிகள் பிராக் நகருக்கு வந்து சேர்ந்தன. இன்று அவை அங்குள்ள யூத அருங்காட்சியகத்தின் சொத்து. அந்நகரின் பிங்காஸ் தொழுகைக்கூடச் சுவர்களில், கொல்லப்பட்ட ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். மாடியில் இந்தப் பிள்ளைகளின் ஓவியங்கள் தொங்குகின்றன. வரைந்தவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பவில்லை. உயிர் பிழைத்த சிலர், அந்த வகுப்பு தந்த ஆறுதலை வயதான பிறகும் நினைவுகூர்ந்தார்கள்.

அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்றால் நம் மனம் அதை வாங்கிக்கொள்ளத் திணறும். ஒரு பிள்ளை வரைந்த வீடும், கீழே அதன் கோணல் கையெழுத்தும் போதும்; கண் கலங்கிவிடும். அழிக்க நினைத்தவர்களால் அந்தப் பெயர்களை அழிக்க முடியவில்லையே!

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வரைந்த தாளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பெயரும் தேதியும் எழுதச் சொல்லிப் பத்திரப்படுத்துங்கள். மாணவச் செல்வங்களே, பக்கத்தில் இருப்பவனைப் பட்டப்பெயரால் கூப்பிடாமல் அவன் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒருவரை மனிதராக மதிப்பது அங்கேதான் தொடங்குகிறது.