கடன் பத்திரத்துக்கும் தராசுக்கும் சட்டம் கொண்டுவந்தவர்

விதை நேர்த்தி தொடங்கி அறுவடை வரை ஒரு வெள்ளாமைக்காக எத்தனை முறை வயலில் இறங்குகிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால், அந்த உழைப்பின் பலன் யார் கைக்குப் போகிறது என்பது பல நேரங்களில் வயலுக்கு வெளியே இரண்டு இடங்களில் முடிவாகிறது. ஒன்று, கடன் பத்திரம். மற்றொன்று, மண்டித் தராசு. எக்டேருக்கு எத்தனை டன் எடுத்தாலும் இந்த இரண்டும் சரியாக இல்லையென்றால் மகசூல் கூடியதன் லாபம் உங்களிடம் தங்காது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டு, அதற்கான சட்டங்களை உருவாக்குவதிலேயே தன் பொதுவாழ்வைச் செலவிட்டவர் பஞ்சாபின் சர் சோட்டு ராம்.

கடனில் இருந்த வீடு

1881 நவம்பர் 24 அன்று, அப்போதைய பஞ்சாப் மாகாணத்தின் ரோத்தக் மாவட்டத்தில் உள்ள கடி சாம்ப்லா கிராமத்தில் அவர் பிறந்தார். இன்று அந்தப் பகுதி ஹரியாணாவில் இருக்கிறது. இயற்பெயர் ராம் ரிச்பால். வீட்டில் கடைக்குட்டி என்பதால் சோட்டு என்று கூப்பிட, அதுவே பெயராகிவிட்டது. தந்தை சுகி ராம் எழுதப் படிக்கத் தெரியாத சிறு விவசாயி. மழையை நம்பிய நிலம், தீராத கடன், அதன் மேல் வழக்கு.

அவருடைய வரலாற்றைச் சொல்பவர்கள் தவறாமல் குறிப்பிடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மேற்படிப்புக்குக் கடன் கேட்டு மகனை அழைத்துக்கொண்டு தந்தை வட்டிக் கடைக்குப் போகிறார். கடைக்காரரின் மகன் சும்மா உட்கார்ந்திருக்க, வயதான விவசாயியிடம் விசிறிக் கயிற்றைக் கொடுத்து இழுக்கச் சொல்கிறார் கடைக்காரர். தந்தை மறுபேச்சில்லாமல் கயிற்றைப் பிடிக்கிறார். பார்த்துக்கொண்டிருந்த சிறுவன் கொதித்துப்போனான்.

சோட்டு ராம் எப்படியோ படித்து முன்னேறினார். டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் 1905-ல் பட்டம் பெற்றார். 1911-ல் ஆக்ராவில் சட்டம் முடித்து, அடுத்த ஆண்டு முதல் ரோத்தக்கில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார்.

வட்டிக்கடைக் கணக்கு

நீதிமன்றத்தில் அவர் கண்டது ஒரே வகை வழக்குதான். விதைக்கு, மாட்டுக்கு, கல்யாணத்துக்கு என்று வாங்கிய சிறு தொகை, வட்டிக்கு வட்டி ஏறி மலையாகியிருக்கும். கணக்கு விவசாயிக்குப் படிக்கத் தெரியாத வணிகர் எழுத்தில் இருக்கும். கட்டிய பணத்துக்கு ரசீது இருக்காது. விவசாயியின் பங்காக அதில் இருந்தது கைநாட்டு மட்டுமே. தீர்ப்பு கணக்கேட்டின் பக்கம்தான் வரும்.

கூட்டுறவுத் துறையில் பணியாற்றிய மால்கம் டார்லிங் என்ற ஆங்கிலேய அதிகாரி, பஞ்சாப் விவசாயிகளின் கடனைப் பற்றி 1925-ல் ஒரு நூல் வெளியிட்டார். மாகாணத்தின் விவசாயக் கடன் சுமார் 90 கோடி ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். அவர் ஆராய்ந்த நில உடைமையாளர்களில் கடன் இல்லாதவர்கள் 17 சதவீதம் மட்டுமே. கால்வாய்ப் பாசனம் வந்து, விளைச்சலும் நில மதிப்பும் ஏறிய மாகாணத்தின் நிலை இது. நிலத்தின் மதிப்பு ஏறியதால்தான் அதை அடமானம் வைத்துக் கூடுதலாகக் கடன் வாங்க முடிந்தது என்பது டார்லிங் கண்டுபிடித்த கசப்பான உண்மை.

சோட்டு ராம் 1916-ல் ஜாட் கெஜட் என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கி, இந்த நிலையை உருது மொழியில் எழுதினார். ரோத்தக் மாவட்டக் காங்கிரசுக்குத் தலைவராக இருந்தவர், ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1920-ல் விலகினார். நிலவரியைக் கட்டாமல் நிறுத்தினால் விவசாயி நிலத்தையே இழப்பான் என்பது அவர் கவலை. 1923-ல் பசல்-இ-ஹுசைனுடன் சேர்ந்து யூனியனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். இந்து, முஸ்லிம், சீக்கிய விவசாயிகள் ஒரே கட்சியில் நின்றார்கள். மதம் எதுவானாலும் வட்டி ஒன்றுதான் என்பதே அந்தக் கூட்டணிக்கு அடிப்படை.

ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தார்

அவரும் அவர் கட்சியும் சட்டங்களை வரிசையாகக் கொண்டுவந்த முறையைக் கவனியுங்கள். 1930-ல் கணக்கு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கடன் கொடுப்பவர் ஒழுங்கான கணக்கு வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடன்காரருக்கு அதன் விவரம் அனுப்ப வேண்டும். 1934-ல் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. சமரசம் பேசித் தீர்க்கக் கடன் சமரச வாரியங்கள் அமைந்தன. அசலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வசூலிக்க முடியாது என்ற வரம்பும் வந்தது.

1937-ல் அவர் சிக்கந்தர் ஹயாத் கான் அமைச்சரவையில் அமைச்சரான பிறகு வேகம் கூடியது. 1938-ல் வந்த சட்டப்படி, பதிவு செய்யாத வட்டிக்கடைக்காரர் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. அதே ஆண்டு வந்த மற்றொரு சட்டம், 1901 ஜூன் 8-க்கு முன்பு அடமானமாகப் போன நிலங்களைச் சொந்தக்காரர்களுக்கே திருப்பித் தர வழி செய்தது. முப்பது, நாற்பது ஆண்டுகளாக அடுத்தவர் அனுபவித்த நிலம் பேரன் கைக்குத் திரும்பியது.

அடுத்து மண்டி. தரகு, எடைக்கூலி, கழிவு, மகமை என்று ஒவ்வொரு மூட்டையிலும் பிடித்தம் போய்க்கொண்டிருந்தது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசினார்கள். விற்பவருக்கு விலை தெரியாது. 1939-ல் வந்த வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டம் வணிகர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. பிடித்தங்களுக்கு வரம்பு வைத்தது. சந்தைக் குழுவில் விவசாயிகளுக்கும் இடம் கொடுத்தது. வணிகர்கள் கடையடைத்துப் போராடினார்கள். சட்டம் நின்றது. 1941-ல் எடை, அளவுச் சட்டமும் சேர்ந்தது.

இதே காலத்தில் நம் மாகாணத்திலும் இந்த வேலை நடந்தது. சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் 1933-லேயே வந்துவிட்டது. அதன்படி 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் அமைந்தது. 1938-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலைப் போல இரண்டு மடங்கு கட்டியவரின் கடன் தீர்ந்ததாக அறிவித்தது.

எட்டாத இடங்கள்

அவரைப் பற்றிச் சொல்லும்போது குறையையும் சொல்லத்தான் வேண்டும். பஞ்சாபில் 1900-ல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த நில உரிமை மாற்றச் சட்டம், விவசாயி யார் என்பதைச் சாதிப் பட்டியலை வைத்துத் தீர்மானித்தது. சோட்டு ராம் அந்தச் சட்டத்தைக் காத்து நின்றார். வயலில் வேலை செய்த பட்டியலின மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால், கையில் காசு இருந்தாலும் அவர்களால் நிலம் வாங்க முடியவில்லை. குத்தகைக்காரருக்கும் அவருடைய சட்டங்களால் கிடைத்தது குறைவு. நிலம் உள்ளவருக்குக் கிடைத்த காப்பு, நிலம் இல்லாதவருக்கு எட்டவில்லை.

இரண்டாவது, உணவு. போர்க்காலத்தில் மத்திய அரசு 1941 டிசம்பரில் கோதுமைக்கு உச்ச விலை வைத்தது. சரக்கு சந்தையிலிருந்து மறைந்தது. 1943 ஜனவரியில் அந்த உத்தரவு நீக்கப்பட்டது. அதே ஆண்டு வங்காளத்தில் பஞ்சம் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. மீண்டும் உச்ச விலை வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, பஞ்சாப் அமைச்சரவை எதிர்த்தது. முன்னால் நின்றவர் சோட்டு ராம். துணியும் மண்ணெண்ணெயும் இரும்பும் விலை ஏறும்போது விவசாயியின் தானியத்துக்கு மட்டும் ஏன் கட்டுப்பாடு என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆனால், வாங்க வழியில்லாமல் பசித்துக் கிடந்தவருக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

விளைவிப்பவருக்குக் கட்டுபடியாகும் விலை, வாங்குபவருக்கு எட்டும் விலை. இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை விவசாயி தன் வயிற்றைக் கட்டி நிரப்ப முடியாது. ஏழை பட்டினி கிடந்தும் நிரப்பக் கூடாது. அரசுதான் நிரப்ப வேண்டும். நாடு அந்த வழிக்கு முழுமையாக வந்தது 1965-ல். பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி.சுப்பிரமணியம் மத்திய உணவு அமைச்சராக இருந்தபோது வேளாண் விலைக் குழுவும் இந்திய உணவுக் கழகமும் தொடங்கப்பட்டன. ஒரு விலைக்கு வாங்கி, அதைவிடக் குறைந்த விலைக்கு ரேஷனில் கொடுத்து, நஷ்டத்தை அரசு ஏற்கும் முறை அங்கிருந்து வலுப்பெற்றது. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டது நம் தஞ்சாவூரில்தான்.

சோட்டு ராம் அதைப் பார்க்கவில்லை. வருவாய்த் துறை அமைச்சராகத் தன் கடைசி மாதங்களில் பக்ரா அணைத் திட்டத்துக்காக பிலாஸ்பூர் சமஸ்தானத்துடன் உடன்பாடு காண உழைத்தார். 1945 ஜனவரி 9 அன்று லாகூரில் காலமானார். இரண்டரை ஆண்டுகளில் அவருடைய பஞ்சாப் இரண்டு நாடுகளாகப் பிரிந்தது. பக்ரா அணை 1963-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

அவர் காலத்து வட்டிக்கடைப் பேரேடு இன்று வேறு உருவத்தில் இருக்கிறது. எனவே அடுத்த முறை விளைபொருளை எடுத்துப் போகும்போது சிலவற்றைக் கேளுங்கள். எடைத் தராசுக்கு இந்த ஆண்டு முத்திரை போட்டிருக்கிறார்களா? நெல்லின் ஈரப்பதத்தை உங்கள் கண் முன்னால் கருவியில் பார்த்தார்களா? பிடித்தம் செய்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீதில் தலைப்பு இருக்கிறதா? கடன் வாங்கியிருந்தால், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விரிவாக்கப் பணியில் இருப்பவர்கள், உரப் பரிந்துரை சொல்லும் அதே கூட்டத்தில் இதையும் சொல்லுங்கள். இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. அந்த உரிமை சட்டமாவதற்குப் பின்னால் ஒரு தலைமுறையின் போராட்டம் இருக்கிறது.