செவிலியர் சான்றிதழுக்கு நாடெங்கும் மதிப்பு: வழிவகுத்த அம்ரித் கௌர்

புதுதில்லி: தலைநகரில் 1946-ல் தொடங்கப்பட்ட செவிலியர் கல்லூரி, இன்று ராஜ்குமாரி அம்ரித் கௌரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கபூர்தலா அரச குடும்பத்தில் பிறந்து இங்கிலாந்தில் பயின்ற அவர், காந்தியடிகளின் செயலாளராகப் பணியாற்றினார். விடுதலைப் போரில் சிறை சென்றார். 1947-ல் நேரு அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண்மணி. நாட்டின் முதல் சுகாதார அமைச்சர்.

அக்காலத்தில் செவிலியர் பதிவு மாகாணந்தோறும் தனித்தனியே நடைபெற்றது. சென்னை மாகாணம் 1926-லேயே இதற்கெனச் சட்டம் இயற்றியிருந்தது. ஆயினும், பயிற்சிக்கு நாடு முழுமைக்குமான அளவுகோல் இல்லை. ஓரிடத்துச் சான்றிதழ் மற்றோரிடத்தில் செல்லுபடியாகும் என்ற உறுதியும் இல்லை. இக்குறையைப் போக்கவே, அவர் அமைச்சராக இருந்தபோது, 1947 டிசம்பரில் இந்திய செவிலியர் கவுன்சில் சட்டம் பிறந்தது. செவிலியர், மருத்துவச்சி, சுகாதாரப் பார்வையாளர் ஆகியோரின் பயிற்சிக்குச் சீரான தரம் வகுக்க அது வழி செய்தது. கிராமப்புறத் தேவையைக் கருதி, துணைச் செவிலியர் பயிற்சி 1951-ல் பஞ்சாபில் தொடங்கியதும் அவரது பதவிக் காலத்தில்தான்.

எய்ம்ஸ் மருத்துவமனை உருவாக முன்னின்ற அவர், சிம்லாவில் இருந்த தமது இல்லத்தையும் அந்நிறுவனத்துக்கே வழங்கினார். 1964-ல் மறைந்தார். பழைய சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் புதிய சட்டம் நிறைவேறியது. பயிற்சி பெற்றோரிடமே நோயாளியை ஒப்படைக்க வேண்டும் என்ற நோக்கம் மட்டும் மாறவில்லை.