மிசிசிப்பிக் கரைச் சிறுவன்

நுழையும்முன்

எக்குழந்தையும் வேற்றுமை பாராட்டும் உள்ளத்தோடு பிறப்பதில்லை. தன்னைச் சூழ்ந்துள்ள பெரியோரிடமிருந்தே அது வேற்றுமையைக் கற்றுக்கொள்கிறது. அவ்வாறு கற்றதைத் தவறென உணர்ந்து கைவிடுவதற்கு ஒரு வாழ்நாளே தேவைப்படலாம். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைனின் வாழ்க்கை அத்தகையதொரு நெடும்பயணம். அப்பயணத்தில் விளைந்த புதினமே ‘ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்’.

ஆற்றங்கரை ஊர்

மார்க் ட்வைனின் இயற்பெயர் சாமுவேல் லாங்ஹார்ன் கிளெமன்ஸ். இவர் 1835ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், மிசௌரி மாநிலத்தின் ஃபுளோரிடா என்னும் சிற்றூரில் பிறந்தார். இவருக்கு நான்கு வயதானபோது குடும்பம் ஹானிபல் என்னும் ஊரில் குடியேறியது. மிசிசிப்பிப் பேராற்றின் கரையில் அமைந்த ஊர் அது. நீராவிக் கப்பல்கள் வந்துசெல்லும் துறையும், ஆற்றிடைத் தீவுகளும், மலைக்குகையும் சிறுவன் சாமுவேலின் விளையாட்டுக் களங்களாயின.

அழகிய அவ்வூருக்கு இன்னொரு முகமும் இருந்தது. மிசௌரி, அடிமைமுறையைச் சட்டமாக ஏற்றுக்கொண்ட மாநிலம். அங்குக் கறுப்பின மக்கள் பண்டங்களைப்போல் விலைபேசப்பட்டனர். தாய் ஓரிடத்திலும் பிள்ளை வேறிடத்திலுமாக விற்கப்படுவதும் உண்டு. கொடியவர் சிலர் மட்டுமே இதனைச் செய்திருந்தால், இது தீமையென்று சிறுவன் எளிதில் உணர்ந்திருப்பான். ஆனால் இரக்கமும் இறைப்பற்றும் உடைய பெரியோரே இதனை நியாயமென்று நம்பினர். அடிமைமுறை இறைவனுக்கு உகந்தது என்றே தேவாலயத்திலும் போதிக்கப்பட்டது. சாமுவேலின் காதில் மறுப்புக்குரல் ஒன்றுகூட விழவில்லை.

உள்ளத்தில் பதிந்த காட்சிகள்

சாமுவேலின் வீட்டில் சாண்டி என்னும் அடிமைச் சிறுவன் வேலை செய்தான். தொலைவிலுள்ள மேரிலாந்திலிருந்து, உற்றார் அனைவரிடமிருந்தும் பிரித்துக் கொண்டுவரப்பட்டவன் அவன். நாள் முழுவதும் உரக்கப் பாடிக்கொண்டே இருப்பான். ஒருநாள் அந்தச் சத்தத்தைப் பொறுக்காத சாமுவேல், அவனை நிறுத்தச் சொல்லுமாறு தாயிடம் முறையிட்டான். தாயின் கண்கள் கலங்கின. அவன் இனித் தன் தாயைக் காணவே போவதில்லை என்றும், பாடும்போதாவது அவன் அதை மறந்திருக்கிறான் என்றும், அவன் வாய் மூடியிருந்தால்தான் தமக்கு வருத்தமாக இருக்கும் என்றும் அவர் விளக்கினார். அதன்பின் சாண்டியின் பாடல் சாமுவேலுக்குத் தொல்லையாகத் தோன்றவேயில்லை.

கோடைக்காலங்களில் அவன் மாமாவின் பண்ணைக்குச் செல்வதுண்டு. அங்கு டேனியல் என்னும் நடுவயது அடிமை, குழந்தைகளுக்குக் கதை சொல்வார். நேர்மையும் பொறுமையும் பரிவும் நிறைந்த அம்மனிதரே, பின்னாளில் புதினத்தில் வரும் ஜிம் என்னும் பாத்திரத்துக்கு முன்மாதிரியானார்.

பத்து வயதில் அவன் கண்ட காட்சி கொடியது. வேலையில் நேர்ந்த ஒரு சிறு பிழைக்காக, ஒருவர் அடிமை ஒருவர்மீது இரும்புத்தாதுக் கட்டியை வீசியெறிந்தார். அடிபட்டவர் ஒரு மணி நேரத்தில் உயிர்நீத்தார். ஊரில் எவரும் அச்செயலை ஏற்கவில்லை. ஆயினும் எவரும் அதைப் பற்றி அதிகம் பேசவுமில்லை. அந்த மௌனமும் சிறுவனின் நினைவில் தங்கிவிட்டது.

கற்றதும் கைவிட்டதும்

1847ஆம் ஆண்டு தந்தை இறந்தார். வறுமையால் சாமுவேல் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். 1853ஆம் ஆண்டு, பதினேழு வயதில் ஊரைவிட்டுப் புறப்பட்டு நியூயார்க் சென்றார். அங்கு விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் தலைநிமிர்ந்து நடப்பதைக் கண்டார். அப்போது அவர் தாய்க்கு எழுதிய கடிதத்தில் வெளிப்பட்டது மகிழ்ச்சியன்று, வெறுப்பே. பிறந்த ஊர் ஊட்டிய நஞ்சு அவருள்ளும் இருந்தது.

பின்னர் மிசிசிப்பியில் கப்பல் செலுத்தும் மீகாமன் பணியைக் கற்று, 1859ஆம் ஆண்டு உரிமம் பெற்றார். 1861ஆம் ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டதும் கப்பல் போக்குவரத்து நின்றது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்னவர் தரப்பில் இரு வாரம் இருந்து, பின் விலகி மேற்கே சென்று இதழாளரானார். 1863ஆம் ஆண்டு ‘மார்க் ட்வைன்’ என்னும் புனைபெயரைச் சூடினார். ஆற்றின் ஆழம் இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டு அடி என்று கப்பலோட்டிகள் அறிவிக்கும் குரலே அப்பெயர்.

1870ஆம் ஆண்டு ஒலிவியா லாங்டனை மணந்தார். அடிமைமுறையை எதிர்த்துப் பாடுபட்ட குடும்பம் ஒலிவியாவுடையது. 1874ஆம் ஆண்டுக் கோடையில், எல்மைராவிலிருந்த உறவினர் பண்ணையில் சமையல் செய்த மேரி ஆன் கார்டு என்னும் மூதாட்டியோடு உரையாடினார். எப்போதும் சிரித்த முகத்தோடிருந்த அவர் துன்பமே அறியாதவர் என ட்வைன் எண்ணியிருந்தார். முன்னர் அடிமையாயிருந்த அவரோ, தம் கணவரும் ஏழு பிள்ளைகளும் ஏலத்தில் பிரித்து விற்கப்பட்டதையும், பல்லாண்டுகளுக்குப் பின் கடைசி மகனைக் கண்டடைந்ததையும் எடுத்துரைத்தார். சாண்டியின் பாடலுக்குள் மறைந்திருந்த துயரை ட்வைன் அன்று மீண்டும் கேட்டார். அவ்வாண்டே அக்கதையை எழுதி வெளியிட்டார்.

ஹக்கும் ஜிம்மும்

1876ஆம் ஆண்டு தொடங்கி, பலமுறை நிறுத்தி எழுதப்பட்ட புதினம் 1884ஆம் ஆண்டு இங்கிலாந்திலும், 1885ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் வெளிவந்தது. குடிகாரத் தந்தையிடமிருந்து தப்பிய சிறுவன் ஹக்கும், விற்கப்படுவோம் என்றஞ்சி ஓடிவந்த அடிமை ஜிம்மும் ஒரே தெப்பத்தில் ஆற்றில் பயணிப்பதே கதை. விளையாட்டாக ஜிம்மை ஏமாற்றி அவர் மனத்தைப் புண்படுத்திய ஹக், கால்மணி நேரம் தன்னோடு போராடி, இறுதியில் மன்னிப்புக் கேட்கிறான். அடிமை தப்ப உதவுவது பாவம் என்று கற்பிக்கப்பட்ட அவன், ஜிம்மின் உரிமையாளருக்குக் கடிதம் எழுதுகிறான். பின்னர், தன்னை எழுப்பாமல் தனக்காகவும் இரவில் காவல் காத்த ஜிம்மின் அன்பை நினைந்து, நரகமே கிட்டினாலும் கிட்டட்டும் என்று அதனைக் கிழித்தெறிகிறான். தான் செய்தது அறம் என்பது அவனுக்குத் தெரியாது, தீயவனாகிவிட்டதாகவே நம்புகிறான். ஊர் கற்பித்த நீதியை உள்ளத்தின் அன்பு வெல்லும் இடம் அது.

மாசசூசெட்ஸின் கான்கார்டு நூலகம் வெளியான ஆண்டிலேயே இந்நூலை விலக்கியது. இழிசொல் இருநூறு முறைக்குமேல் இடம்பெறுவதும், ஜிம்மின் விடுதலையை விளையாட்டாக்கும் இறுதிப் பகுதியும் இன்றும் கண்டிக்கப்படுகின்றன. அக்கண்டனங்களில் நியாயம் உண்டு. ட்வைன் தம் காலத்தை முழுதும் கடந்தவரல்லர், கடக்க முயன்றவர்.

செயலில் அறம்

1885ஆம் ஆண்டு, யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற வார்னர் மெக்குயின் என்னும் கறுப்பின மாணவரின் செலவை ட்வைன் ஏற்றார். இதனை அவர் கொடையாகக் கருதவில்லை; வெள்ளையர் செலுத்த வேண்டிய கடனாகவே கருதினார். அம்மாணவர் வழக்கறிஞராகி, இளம் வழக்கறிஞர் தர்குட் மார்ஷலுக்கு வழிகாட்டினார். மார்ஷல் 1967ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

தொழிலில் பெரும்பொருளை இழந்த ட்வைன், கடன் தீர்க்க உலகெங்கும் சொற்பொழிவாற்றினார். 1896ஆம் ஆண்டு பம்பாய் விடுதியில், ஐரோப்பியர் ஒருவர் இந்தியப் பணியாளரைக் கன்னத்தில் அறைந்தார். பணியாளர் வாய்திறவாமல் பணிந்து நின்றார். அக்கணமே ட்வைனின் நினைவு அரை நூற்றாண்டைக் கடந்து ஹானிபலுக்குச் சென்றது. இரும்புத்தாதுக் கட்டியால் வீழ்ந்த மனிதரை அவர் மீண்டும் கண்டார். இம்முறை அவர் மௌனமாயிருக்கவில்லை. இரு நிகழ்வுகளையும் தம் பயண நூலில் எழுதினார்.

ஹேலி வால்மீன் தோன்றிய ஆண்டில் பிறந்த ட்வைன், அது மீண்டும் தோன்றிய 1910ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் மறைந்தார். பத்து வயதில் தவறென உறுத்தியதைத் தவறென்று உரக்கச் சொல்ல அவருக்குப் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. நம் கண்முன் நிகழும் இழிவைக் கண்டு நாம் எத்தனை நாள் வாய் மூடியிருப்போம் என்பதே அவர் வாழ்க்கை நம்மிடம் எழுப்பும் வினா.