சுல்தானாவின் கனவும் ரொக்கேயா அம்மையாரின் வாழ்வும்

1905ஆம் ஆண்டில், கமலா சத்தியநாதன் அம்மையாரை ஆசிரியராகக் கொண்டு சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் ஆங்கில இதழில் 'சுல்தானாவின் கனவு' என்றொரு சிறுகதை இடம்பெற்றது. ஆண்களெல்லாம் வீட்டினுள் கோஷாவில் இருக்க, பெண்கள் நாடாளும் கற்பனை உலகம் ஒன்றை அது வரைந்து காட்டியது. எழுதியவர் வங்காளத்து முஸ்லிம் பெண்மணி, வயது 25. பள்ளிக்கூடத்தின் படியை மிதித்தறியாதவர். அவரே பேகம் ரொக்கேயா சகாவத் உசேன் ஆவார். நம் ஊர்களில் ருகையா என்று வழங்கும் பெயர்தான் வங்காளியர் நாவில் ரொக்கேயா ஆயிற்று.

1880ஆம் ஆண்டு, ரங்பூர் மாவட்டம் பைராபந்த் என்னும் சிற்றூரில், செல்வமிக்க ஜமீன்தார் குடும்பத்தில் அம்மையார் பிறந்தார். அவ்வீட்டு ஆண்மக்கள் கல்கத்தா சென்று ஆங்கிலம் பயின்றனர். பெண்மக்களுக்கோ திருக்குர்ஆன் ஓதுதலும் சிறிதளவு உருதுவுமே போதுமெனக் கருதப்பட்டன. ஐந்து வயதிலேயே, வெளியிலிருந்து வரும் பெண்களின் கண்ணிலும் படாமல் ஒளிந்து கொள்ள வேண்டிய கட்டுப்பாடு அக்குழந்தைக்கு இருந்தது. இரவில் வீடு உறங்கிய பின்னர், மூத்த சகோதரர் இப்ராகிம் சாபர் விளக்கொளியில் தங்கைக்கு ஆங்கிலமும் வங்காளமும் கற்பித்தார். பிற்காலத்தில் அம்மையார் எழுதியவை அனைத்திற்கும் அந்த விளக்கே மூலம் எனலாம்.

பாகல்பூரில் துணை நீதிபதியாக இருந்த சையத் சகாவத் உசேன் அவர்களுக்கு அம்மையார் மணமுடிக்கப்பட்டார். வயதில் மிக மூத்தவர், மனைவியை இழந்தவர், எனினும் பெண்கல்வியில் மெய்யான ஈடுபாடு கொண்டவர். அவர் அலுவற் பயணமாக இரண்டு நாள் வெளியூர் சென்றிருந்த வேளையில், பொழுது போவதற்காக அம்மையார் எழுதியதே அக்கதை. திரும்பி வந்த கணவர் நின்றபடியே முழுவதையும் படித்து முடித்து, இது ஆண்களை நன்றாகப் பழிவாங்கும் கதை என்று கூறி மகிழ்ந்தாராம். தம் இனத்தைக் கேலி செய்த கதையை அச்சேற்ற ஊக்குவித்த அக்கணவரையும் நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.

அக்கனவு நாட்டில் கதிரவனின் வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள். அடுப்பில் கரியுமில்லை, புகையுமில்லை. மேகத்திலிருந்து குழாய் வழியே நீரை இறக்கிக் கொள்கிறார்கள். மின்விசையால் இயங்கும் வான ஊர்தியில் பறக்கிறார்கள். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே அலுவல். பகைவர் படையெடுத்தபோது, பெண்கள் பல்கலைக்கழகத்தின் தலைவி 2,000 மாணவியருடன் சென்று, திரட்டிய வெயிலை எதிரிகள்மீது பாய்ச்சி விரட்டிவிடுகிறார். ஆண்களை அடைத்து வைத்தல் அம்மையாரின் விருப்பமன்று. பெண்களை அடைத்து வைத்தோர் முன் பிடித்த கண்ணாடியே அது.

நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் அக்கனவை நிகழ்வுகளோடு ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சுகிறது. வான ஊர்தி வந்தது. ஆனால் போர் அற்ற நாட்டில் உலவ அவர் விட்ட அவ்வூர்தி, முதல் உலகப் போரிலேயே குண்டு வீசப் பழகிவிட்டது. கதிரவன் ஆற்றல் இன்று மின்சாரமாகிக் கூரைகள்தோறும் இறங்குகிறது. இரண்டு மணி நேர அலுவலோ எவருக்கும் வாய்க்கவில்லை. அலுவலகம் சென்று மீளும் பெண்ணுக்கு வீட்டு வேலை என்னும் இரண்டாம் அலுவலும் காத்திருக்கிறது. இயந்திரங்களைக் கனவு காண்பது எளிது போலும். ஒரு வகுப்பறையில் சிறுமியரைக் கொண்டு வந்து அமர்த்துவது எத்துணை அரிது என்பதை அம்மையாரின் பிற்கால வாழ்வு காட்டுகிறது.

பெற்ற இரு பெண்மகவுகளும் கைக்குழந்தைப் பருவத்திலேயே இறந்தன. 1909இல் கணவரும் மறைந்தார். பெண்கள் பள்ளிக்கென அவர் ஒதுக்கியிருந்த 10,000 ரூபாயைக் கொண்டு, அவ்வாண்டே பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் அம்மையார் பள்ளி தொடங்கினார். குடும்பத்தில் எழுந்த சொத்துப் பிணக்கால் அங்கிருக்க இயலாமல் கல்கத்தா பெயர்ந்து, 1911ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் வலியுல்லா சந்தில் எட்டு மாணவியருடன் மீண்டும் தொடங்கினார். கணவர் பெயரால் அமைந்த சகாவத் நினைவுப் பெண்கள் பள்ளி அதுவே. புர்கா அணிந்து வீடு வீடாகச் சென்று, பெண்ணை அனுப்புங்கள் என்று பெற்றோரிடம் மன்றாடினார். மார்க்கம் கூறும் நாணத்தை அவர் ஒருபோதும் மறுத்தவரல்லர். அறிவுக்குக் கதவடைக்கும் வழக்கத்தையே எதிர்த்தார். கல்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்று மார்க்கத்தின் பெயராலேயே வாதிட்டார்.

பிள்ளைகளை அழைத்து வரப் பள்ளிக்கு மோட்டார் பேருந்து ஒன்று வந்தது. கோஷாவுக்குக் குறைவு நேராதபடி, சிறு கம்பிவலைத் துளை தவிர எல்லாப் பக்கமும் அடைக்கப்பட்ட வண்டி அது. உள்ளே இருளிலும் புழுக்கத்திலும் சிறுமியர் வாந்தி எடுத்தனர். சிலர் மயங்கி விழுந்தனர். மனம் பொறாத அம்மையார் அடைப்பை நீக்கித் திரைச்சீலை தொங்கவிட்டார். உடனே கடிதங்கள் வந்தன. காற்றில் திரை அசைகிறது, கோஷா கெடுகிறது, திருத்தாவிட்டால் ஏடுகளில் எழுதுவோம் என்ற எச்சரிக்கைகள் அவை. அடைத்தால் பிள்ளைகள் மூர்ச்சையாகின்றனர். திறந்தால் பிள்ளைகளே வருவதற்கில்லை. திறந்த வானில் பெண்களைப் பறக்கவிட்ட எழுத்தாளர், எட்டணாத் துணி ஒன்று காற்றில் அசைந்ததற்காக ஊராருக்கு விடை கூற வேண்டியிருந்தது! இந்நிகழ்ச்சியை 1931இல் வெளிவந்த 'அவரோத்பாசினி' என்னும் நூலில் அவரே பதிவு செய்துள்ளார். படிப்போர் சிரிப்பர், சிரித்து முடிக்குமுன் கண் கலங்குவர்.

அவர் கனவிலும் கண்டிராத திருப்பம் ஒன்றும் நேர்ந்தது. 1947இன் பிரிவினையில் பிறந்த ஊர் ஒரு நாட்டிலும், வளர்த்த பள்ளி மற்றொரு நாட்டிலுமாயின. பைராபந்த் இன்று வங்கதேசத்தில் உள்ளது. பள்ளியோ கல்கத்தாவில் அரசினர் பெண்கள் பள்ளியாக நடைபெற்று வருகிறது.

1932ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் விடியலில், 52ஆம் அகவையில் அம்மையார் கல்கத்தாவில் காலமானார். முந்தைய இரவு நெடுநேரம் எழுதிக் கொண்டிருந்தார். பெண்ணுரிமை பற்றிய அந்தக் கட்டுரை முற்றுப் பெறாமல் மேசைமீது கிடந்தது.