யார் இந்த மா.கிருஷ்ணன்? பறவை, விலங்கு படம் எடுப்பவர்கள் ஏன் இவரைத் தெரிஞ்சுக்கணும்?

வேங்கிக்கால் ஏரியில் ஒரு கொக்கு. மொபைலில் ஜூம் பண்ணி ஒரு கிளிக். வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட அடுத்த நிமிஷமே செம, சூப்பர் என்று குவியும். ஆனால் படத்தில் எது சரி, எது தப்பு என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் எடுத்தவர் முகம் சுருங்கிடுமோ என்ற தயக்கம்தான்.

இந்தத் தயக்கம் இல்லாதவர் மா.கிருஷ்ணன். மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்பவர் என்று பெயர் எடுத்த இயற்கையியலாளர், காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர்.

யார் இவர்?

1912 ஜூன் 30-ல் திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா, 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ.மாதவையா. எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன்தான் கடைக்குட்டி. 1925-ல் அப்பா இறந்தபோது இவருக்கு வயது 13.

கண் எப்படிப் பழகியது?

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது, தாவரவியல் பேராசிரியர் பைசனுடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குப் போனார். பைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். ஓவியத்தில் ஏமாற்ற முடியாது. பறவையின் காலைச் சரியாகப் பார்க்காமல் வரைந்தால் காகிதமே காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டமும் படித்தார். 1942-ல் சண்டூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆசிரியர், நீதிபதி எனப் பல பொறுப்புகள் பார்த்தார். 1949-ல் சென்னை திரும்பிய பிறகு எழுத்தும் படமும்தான் வாழ்க்கை. 1950-ல் தி ஸ்டேட்ஸ்மேன் நாளிதழில் தொடங்கிய பத்தியை, 1996 பிப்ரவரி 18-ல் மறையும் வரை 46 ஆண்டுகள் எழுதினார்.

எப்படிப் படம் எடுத்தார்?

கலர் வந்த பிறகும் கருப்பு வெள்ளையை விடவில்லை. பல பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிய கேமராவுக்கு சூப்பர் பாண்டரோசா என்று விளையாட்டாகப் பெயர் வைத்தார். பழக்கிய யானை மீது ஏறிப்போய் காட்டு யானைகளைப் படம் பிடித்தார். அழகைவிட அவருக்கு முக்கியம், அந்த உயிர் தன் இடத்தில் எப்படி வாழ்கிறது என்பதைப் படம் சொல்லணும் என்பதுதான்.

1968-ல் ஜவாஹர்லால் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். தென்னிந்தியப் பாலூட்டிகள் பற்றிய அவரது கள ஆய்வை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் நூலாக வெளியிட்டது.

நமக்கு என்ன பாடம்?

கிரிவலப் பாதையில் வேலி ஓரம் வரும் புள்ளிமானுக்கு பிஸ்கட் நீட்டி ஒரு குளோஸப் எடுத்தால், ஃபோகஸ் பக்காவாக இருக்கலாம். ஆனால் அதில் தெரிவது மானின் வாழ்க்கை இல்லை, பிஸ்கட்டுக்காகக் காத்திருக்கும் மான். கூட்டை நெருங்கி எடுத்த குஞ்சுப் படமும் இப்படித்தான். தாய்ப் பறவை பயந்து ஓடியிருந்தால், லைக்ஸுக்கு விலை கொடுத்தது அந்தக் குஞ்சு.

அதனால் நண்பர் படம் அனுப்பினால், முதலில் கேளுங்கள்: அது அப்போது என்ன செய்துகொண்டிருந்தது? நீங்கள் வந்தது அதுக்குத் தெரியுமா? வெளிச்சம், கிராப்பிங் எல்லாம் பிறகு. இதே கேள்வி உங்களிடம் வந்தால் கோபப்படாதீங்க. பதில் தெரியலைன்னா, நாளைக் காலையில் அதே ஏரிக்கரைக்குப் போய், கேமராவை எடுக்காமல் அரை மணி நேரம் கொக்கைப் பாருங்கள்.