தமிழ்த்தாத்தா படிக்காத நூல்

புறநானூறு மனப்பாடப் பகுதி என்றாலே எனக்குப் பயம்தான். இதையெல்லாம் எதுக்குப் படிக்கணும்னு அலுத்துக்குவேன். தமிழ்த்தாத்தா உ.வே.சா.வின் வாழ்க்கையைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

உ.வே.சாமிநாதையர் 1855-இல் பிறந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஏராளமான நூல்களைப் பாடம் கேட்டார். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அங்கே முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை! அதை அவர் மறைக்கவில்லை. கல்லூரி ஆசிரியராக இருந்தும், மாணவனைப் போல உட்கார்ந்து முதலிலிருந்து படித்தார். புரியாத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஊர் ஊராக அலைந்து ஏட்டுச்சுவடிகளைத் தேடினார். அவர் பதிப்பில் 1887-இல் சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு வெளிவந்தன. நம்ம புத்தகத்தில் இருக்கும் பாட்டு இப்படித்தான் நம்மகிட்ட வந்து சேர்ந்தது!

1942-இல் திருக்கழுக்குன்றத்தில் காலமானார். நம்ம ஒரகடத்திலிருந்து செங்கல்பட்டு தாண்டினால் அந்த ஊர் வந்துவிடும். இத்தனை பக்கத்திலா என்று ஆச்சரியப்பட்டேன்.

தமிழ் ஐயா கேள்வி கேட்டால், தெரியாதுன்னு சொல்ல வெட்கப்பட்டு, தலையைக் குனிஞ்சுக்குவேன். இனி குனிய மாட்டேன். அவ்வளவு படித்தவரே கேட்டுத்தான் தெரிஞ்சுகிட்டார். எனக்கென்ன வெட்கம்? நீங்களும் தயங்காமல் கேளுங்கள்!

– பத்தாம் வகுப்பு மாணவி